பெயர் ஒன்று, கணக்கு இரண்டு

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில் திருப்பரங்குன்றத்தைத் தாண்டினால் திருநகர். பக்கத்திலேயே விளாச்சேரி, கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். விளாச்சேரி பொம்மைகளை வாங்கி, திருநகர் இரண்டாவது ஸ்டாப் பக்கம் கடை வைத்து விற்கும் ஒருவரைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன் தெரிந்த பையன் ஒருவன் கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். 'இன்' என்று முடியும் டொமைன் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தான். நவராத்திரிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. பிறகு பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பழைய நம்பருக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. இப்போது தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டும். அதற்காக வேறோர் இளைஞர் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே, டொமைன் யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் தம்பி. வருசா வருசம் ரினியூவல் பணம் நான்தான கட்டுறேன். பாஸ்வேர்டுதான் அவன்ட்ட இருக்கு."

அந்த இளைஞர், பையன் பயன்படுத்திய அதே டிஎன்எஸ் நிறுவனத்தில் (பெயரைக் கேட்டால் தளம் இருக்கும் இடத்தைச் சொல்லும் நிறுவனம்) கடைக்காரர் பெயரில் புதுக் கணக்கு திறந்து டொமைனைச் சேர்க்கிறார். இந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு கணக்கில் இருக்கிறது என்று திரையில் செய்தி வருகிறது.

இப்போது அந்த நிறுவனத்தின் இடத்திலிருந்து பார்ப்போம். அதற்கு இரண்டு வாடிக்கையாளர்கள். இருவரின் முகமும் தெரியாது. ஒருவர் முன்னால் வந்தவர். இன்னொருவர், பெயர் என்னுடையது என்கிறார். சொன்னதை நம்பிக் கொடுத்துவிட்டால் நாளைக்குத் திருடனும் இதையே சொல்லிக்கொண்டு வருவான். மறுத்துவிட்டால் பணம் கட்டுகிற சொந்தக்காரர் தன் கடைக்கு வெளியே நிற்பார். உலகம் முழுக்க டிஎன்எஸ் நிறுவனங்களின் உதவி மேசைகளுக்கு வந்துகொண்டே இருக்கும் வழக்கு இது. இந்த வழக்கை அவை எப்படிக் கையாள்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முன்னதாகவே சொல்லிவிடலாம்: யார் சொந்தக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த நிறுவனங்கள் சறுக்கியிருக்கின்றன, தீர்ப்பே தேவைப்படாதபடி வீட்டைக் கட்டிய நிறுவனங்கள் ஓரளவு தப்பித்திருக்கின்றன.

மூன்று பேரேடுகள்

திருநகரின் பின்கோடு 625006. 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த அந்த ஆறு இலக்க முறையில் முதல் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்மண்டலத்தைக் குறிக்கும். 625 என்பது மதுரை. கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகம். டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்குத் திருநகரில் எந்தத் தெரு எங்கே என்று தெரிய வேண்டியதில்லை. 6 என்று பார்த்துத் தெற்கே அனுப்பினால் போதும். அடுத்தவர் அடுத்த இலக்கத்தைப் பார்ப்பார்.

டிஎன்எஸ்ஸின் தத்துவமும் இதுதான். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. கணினிகள் பெருகியதும் ஒரு கோப்பும் ஒரு குழுவும் போதவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், வேலையைப் பங்கு பிரித்தது. பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உச்சியிலுள்ள வேர் சர்வர்கள், 'இன்' பற்றித் தெரிய வேண்டுமா, அங்கே போ என்று கைகாட்டும். 'இன்' சர்வர்கள் பொம்மைக் கடையின் பெயருக்கு இன்னின்ன நேம்சர்வர்கள் பொறுப்பு என்று கைகாட்டும். கடைசியில் அந்த நேம்சர்வர்தான் தளம் எங்கே, மின்னஞ்சல் எங்கே என்று விடை சொல்லும். சாலையோரக் கைகாட்டி மரத்தைப் போல ஒவ்வொரு படியும் அடுத்த படியை மட்டும் காட்டுகிறது.

ஆகவே ஒரு டொமைனுக்கு மூன்று பேரேடுகள் உண்டு. முதலாவது, எந்தப் பெயருக்கு எந்த நேம்சர்வர் பொறுப்பு என்று கைகாட்டும் மேலேடு. 'இன்' பெயர்களுக்கு 2005 முதல் நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் அதை வைத்திருக்கிறது. 'காம்' பெயர்களுக்கு வெரிசைன். இரண்டாவது, நாம் பணம் கட்டிப் பெயர் வாங்குகிற ரெஜிஸ்ட்ராரின் கணக்கு. மேலேட்டில் கைகாட்டியைத் திருப்பும் அதிகாரம் இந்தக் கணக்கு வழியாகத்தான் கிடைக்கும். மூன்றாவது, டிஎன்எஸ் நிறுவனத்தில் இருக்கும் குறிப்பேடு. தொழிலில் இதை ஜோன் என்பார்கள்.

முதல் இரண்டும் ஒப்பந்தத்தால் கட்டுண்டவை. மூன்றாவதற்கு அந்தக் கட்டு கிடையாது. ரெஜிஸ்ட்ரார் ஒரு நாட்டிலும் டிஎன்எஸ் நிறுவனம் வேறொரு நாட்டிலும் இருக்கலாம்; ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. நம்மூர் வழக்கில் சொன்னால், பத்திரம் ஒருவர் பேரில், ஈ.பி. கார்டு இன்னொருவர் பேரில். கரண்ட் பில் கட்டுகிறவர் வீட்டுக்காரர் ஆகிவிடமாட்டார். ஆனால் ஃபியூஸைப் பிடுங்க அவரால் முடியும். பொம்மைக் கடைக்காரர் நிலை இதுதான்: பத்திரம் அவரிடம், ஃபியூஸ் பெங்களூரில்.

சான்று ஏன் கேட்பதில்லை?

டிஎன்எஸ் நிறுவனத்தில் கணக்கு திறந்து, எந்தப் பெயருக்கு வேண்டுமானாலும் ஜோன் உருவாக்கலாம் என்பது பலருக்கு அதிர்ச்சி தரும். மாநகராட்சியின் பெயருக்குக்கூட ஒருவர் தன் கணக்கில் ஜோன் எழுதி வைத்துக்கொள்ளலாம். கைகாட்டி அங்கே திரும்பாத வரை அதை யாரும் படிக்கமாட்டார்கள்; வீட்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவர் நிலத்துக்குத் தானே பத்திரம் எழுதிப் பார்ப்பது போலத்தான்.

இந்தத் தாராளம் கவனக்குறைவால் வந்ததல்ல. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர், புது இடத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் கைகாட்டியைத் திருப்ப முடியும். முதலில் கைகாட்டியைத் திருப்பி, பிறகு எழுதலாம் என்றால் இடைப்பட்ட நேரத்தில் தளமும் மின்னஞ்சலும் செத்துக் கிடக்கும். அதுவும் கொஞ்ச நேரமல்ல. 'காம்' மேலேட்டின் கைகாட்டிகளை உலகெங்குமுள்ள சர்வர்கள் 1,72,800 விநாடிகள், அதாவது இரண்டு முழு நாள்கள், நினைவில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எனவே பால் காய்ச்சுவதற்கு முன்னால் புது வீட்டில் அடுப்பு இருந்தாக வேண்டும். சொந்தம் நிரூபணமாகும் முன்பே ஜோன் எழுத இடம் கொடுக்க வேண்டியது டிஎன்எஸ் நிறுவனத்தின் தொழில் கட்டாயம்.

ஆக, நிரூபிக்கப்படாத உரிமைக் கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அதே நேரம் அவற்றில் ஒன்று மட்டுமே உலகுக்கு விடை சொல்ல வேண்டும். ஒரே பெயருக்கு இரண்டு கோரிக்கை வரும்போது என்ன செய்வது என்பதில்தான் நிறுவனங்கள் பிரிகின்றன.

நான்கு வழிகள்

முதல் வழி, முந்தி வந்தவருக்கே பந்தி. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் தன் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே மூன்று நேம்சர்வர்களைத்தான் தருகிறது. எல்லோருக்கும் ஒரே சர்வர் என்றால் ஒரு பெயருக்கு ஒரு ஜோன்தான் இருக்க முடியும். எனவே முதலில் எழுதிய கணக்குக்கே பெயர். பின்னால் வருகிறவர் உதவி மேசைக்குக் கடிதம் எழுத வேண்டும். எளிமையான முறை, நினைவில் வைக்கவும் சுலபம். ஆனால் முதலில் வந்தவர் சொந்தக்காரர்தான் என்ற அனுமானத்துக்கு இதில் எந்த ஆதாரமும் இல்லை. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இரண்டாவது வழி, எத்தனை பேர் கேட்டாலும் கொடுப்பது, ஆனால் வேறு வேறு கதவு எண் கொடுப்பது. அமேசானின் ரூட் 53 சேவை 2010இல் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு ஜோனுக்கும் 2,048 நேம்சர்வர் பெயர்களிலிருந்து நான்கு ஒதுக்கப்படும். ஒரே டொமைனுக்கு இரண்டு கணக்குகள் ஜோன் எழுதினால் இரண்டுக்கும் வேறு வேறு நால்வர். இருவரில் யார் உண்மையானவர் என்று அமேசான் கேட்பதே இல்லை. ரெஜிஸ்ட்ரார் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் எந்த நால்வரை மேலேட்டில் எழுதுகிறாரோ அவர்கள் பேச்சு உலகுக்குக் கேட்கும். மற்ற நால்வர் பேச ஆளில்லாமல் இருப்பார்கள். மைக்ரோசாஃப்டின் அஷூர் டிஎன்எஸ்ஸும் இதே போல, ஒரே பெயரில் இன்னொரு ஜோன் வந்தால் வேறு நேம்சர்வர் வரிசையைத் தருகிறது.

மூன்றாவது வழி கிளவுட்ஃபிளேருடையது. ஆளின் பெயர் தாங்கிய நேம்சர்வர்கள் இரண்டை ஜோடியாக ஒதுக்குவார்கள். ஏற்கெனவே வேறு கணக்கில் இருக்கும் டொமைனை நீங்கள் சேர்த்தால் உங்களுக்கு வேறு ஜோடி கிடைக்கும். அதன்பின் நிறுவனம் மேலேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கைகாட்டி உங்கள் ஜோடிக்குத் திரும்பியதும் உங்கள் கணக்கு உயிர் பெறும். பழைய கணக்கில் அந்தப் பெயர் செயலிழக்கும். இரண்டாவது வழியின் தத்துவம்தான் இது. கூடுதலாக, தோற்ற கோரிக்கை அப்புறப்படுத்தப்படுகிறது.

நான்காவது வழி, சான்று கேட்பது. கூகுள் கிளவுட் டிஎன்எஸ்ஸில் மோதல் ஏற்படும் சூழலில், டொமைன் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதை நிரூபியுங்கள் என்று கேட்கிறார்கள். நிறுவனம் ஒரு நீளமான குறியீட்டைத் தரும். அதை டொமைனின் தற்போதைய குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். மின்னஞ்சல் சேவைகளிலும் இணையதள வசதிகளிலும் இந்த முறை பரவலாக இருக்கிறது.

காலியான வீடு

முந்தி வந்தவருக்கே பந்தி என்ற முறையின் ஓட்டை 2016 ஆகஸ்டில் ஊரறிந்தது. மேத்யூ பிரையன்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்: மேலேட்டில் கைகாட்டி டிஜிட்டல் ஓஷன் பக்கம் திரும்பியிருக்கிறது, ஆனால் அங்கே ஜோன் இல்லை என்றால்? வாடிக்கையாளர் சர்வரைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நேம்சர்வரை மாற்ற மறந்திருப்பார். டிஎன்எஸ் தொழிலில் இதற்கு நொண்டிக் கைகாட்டல் என்று பொருள்படும் பெயரே உண்டு. மரம் கை காட்டுகிறது, போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. அந்தக் காலி இடத்தில் புதுக் கணக்கிலிருந்து யார் ஜோன் எழுதினாலும், எழுதிய கணமே உலகம் அதை நம்பும். இப்படித் திறந்து கிடந்த சுமார் 20,000 டொமைன்களை பிரையன்ட் தன் கணக்கில் சேர்த்துக் காட்டினார். அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாசலில் வேறு பெயர்ப்பலகை மாட்டியதோடு வேலை முடிந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட இரண்டாவது ஆய்வில் அமேசான், கூகுள், ராக்ஸ்பேஸ், டிஜிட்டல் ஓஷன் ஆகிய நான்கு இடங்களிலும் சேர்த்து சுமார் 1,20,000 டொமைன்கள் இந்நிலையில் இருப்பதாகக் காட்டினார். வேறு வேறு கதவு எண் தரும் அமேசான் இந்தப் பட்டியலில் எப்படி வந்தது? கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும். 2,048 பெயர்களிலிருந்து நான்கைப் பொறுக்கச் சுமார் 73,000 கோடி வழிகள் உண்டு. கைவிடப்பட்ட டொமைனின் அதே நால்வர் இன்னொருவருக்குக் கிடைப்பது நடக்காத காரியம். ஆனால் தாக்குபவருக்கு நான்கும் தேவையில்லை. ஒன்று பொருந்தினால் போதும். ஒதுக்கீடு சமவாய்ப்பில் நடக்கிறது என்று கொண்டால், ஒரு முயற்சியில் ஏதேனும் ஒரு நேம்சர்வர் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ 128இல் ஒன்று. ஜோனை எழுதுவது, பார்ப்பது, அழிப்பது, மறுபடி எழுதுவது என்று அன்றைக்கு நிரலை ஓடவிட்டிருந்தால் சில நூறு முயற்சிகளுக்குள் ஒன்று விழுந்திருக்கும். காலி வீட்டில் மற்ற மூன்று நேம்சர்வர்களும் விடை தராதவை என்பதால், கேட்கிற சர்வர்கள் அலைந்து திரிந்து விடை சொல்லும் நான்காமவரிடம் வந்து சேரும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. வேறு வேறு கதவு எண் என்ற முறை, உயிரோடு இருக்கும் இரண்டு கணக்குகளுக்கு இடையிலான மோதலை அழகாகத் தீர்க்கிறது. ஒரு கணக்கு இறந்துபோய், மேலேட்டில் கைகாட்டி மட்டும் மிஞ்சியிருந்தால், அதே முறை எண்களின் பெருக்கத்தை மட்டும் நம்பி நிற்கிறது.

2018 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. 20,000 டாலர் பிட்காயின் கேட்ட அந்த அஞ்சல்களால் பல கட்டடங்கள் காலி செய்யப்பட்டன. அஞ்சல்கள் ஏன் ஸ்பேம் வடிகட்டியில் சிக்கவில்லை என்று ஆராய்ந்த ரான் கில்மெட், அனுப்பிய முகவரிகள் எல்லாம் நல்ல பெயர் உள்ள, ஆனால் உறங்கிக் கிடந்த டொமைன்கள் என்று கண்டார். 2019 ஜனவரியில் செய்தியாளர் பிரயன் கிரெப்ஸ் அதை எழுதினார். மிரட்டல்காரர்கள் கோடாடி நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில் இலவசக் கணக்கு திறந்து, அங்கே கைகாட்டி திரும்பியிருந்த அடுத்தவர் பெயர்களைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கோடாடி குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்தது.

கதை அங்கே முடியவில்லை. 2024 ஜூலையில் இன்ஃபோபிளாக்ஸ், எக்லிப்சியம் என்ற இரு பாதுகாப்பு நிறுவனங்கள் இந்தத் தாக்குதலுக்கு 'உட்கார்ந்த வாத்துகள்' என்று பெயர் வைத்து அறிக்கை விட்டன. எந்த நாளில் பார்த்தாலும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டொமைன்கள் இப்படித் திறந்து கிடப்பதாகவும், 2018 முதல் 35,000க்கும் மேற்பட்டவை கைப்பற்றப்பட்டிருப்பதாகவும் அவை மதிப்பிட்டன. எட்டு வருடம் முன்பே ஊரறிந்த ஓட்டை ஏன் அடைபடவில்லை? ரெஜிஸ்ட்ராரைக் கேட்டால் ஜோன் இல்லாதது டிஎன்எஸ் நிறுவனத்தின் குறை. டிஎன்எஸ் நிறுவனத்தைக் கேட்டால் கைகாட்டியை மாற்றாதது வாடிக்கையாளரின் குறை. வாடிக்கையாளருக்கோ அப்படி ஒரு கைகாட்டி இருப்பதே தெரியாது. மூன்று பேரேட்டுக்கும் நடுவே கிடப்பது யார் வீட்டுக் குப்பையும் அல்ல.

இதே ஓட்டைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. பல வாடிக்கையாளர்கள் ஒரே நேம்சர்வரைப் பகிரும் இடத்தில், ஒரு கணக்கில் பெரிய பெயரும் இன்னொரு கணக்கில் அதன் கிளைப்பெயரும் இருந்தால் என்ன ஆகும்? டிஎன்எஸ் விதிப்படி சர்வர், கேட்ட பெயருக்கு மிக நெருக்கமான ஜோனிலிருந்து விடை சொல்லும். நிறுவனம் தடுக்காவிட்டால், பொம்மைக் கடையின் பெயரைத் தொடாமலே, அதற்கு முன்னால் 'கடை' என்று ஒட்டிய கிளைப்பெயரை மட்டும் அந்நியர் ஒருவர் எழுதிக்கொண்டு போய்விடலாம். அப்போது தளம் ஓடும், கல்லாப்பெட்டி மட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஆகவே மோதலைச் சோதிக்கும் நிறுவனம் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா என்று பார்த்தால் போதாது. மேலும் கீழும் உறவுமுறை பார்க்க வேண்டும்.

குறியீடு எதை நிரூபிக்கிறது?

சான்று கேட்பதே பாதுகாப்பானது என்று தோன்றும். பொம்மைக் கடையில் அதை வைத்துப் பார்ப்போம். நிறுவனம் தரும் குறியீட்டைத் தற்போதைய குறிப்பேட்டில் எழுத வேண்டும். தற்போதைய குறிப்பேடு யார் கையில்? பெங்களூர் பையனிடம். அவன் ஒரு நிமிடத்தில் நிரூபித்துவிடுவான், சொந்தக்காரரால் முடியாது. குறியீடு நிரூபிப்பது கைவசத்தை, உரிமையை அல்ல. சாவி யாரிடம் என்று அது சொல்லும், பத்திரம் யார் பேரில் என்று சொல்லாது.

மேலேட்டின் கைகாட்டி ஒரு படி உயர்ந்த சாட்சி. அதைத் திருப்ப வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் போக வேண்டும். பணம் கட்டும் இடமும் ஒப்பந்தம் இருக்கும் இடமும் அதுதான். அதனால்தான் இரண்டாவது, மூன்றாவது வழிகள் நீதிக்கு நெருக்கமாக வருகின்றன. அங்கே நிறுவனம் தானே யோசிப்பதை விட்டு, தன்னைவிட அதிகம் தெரிந்த பேரேட்டைப் பார்த்து நடக்கிறது.

டிஎன்எஸ் பதில்களுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் முறையும் இதே தத்துவத்தில் நிற்கிறது. கையெழுத்தைச் சரிபார்க்கும் குறி மேலேட்டில் இருப்பதால், காலி வீட்டில் புகுந்தவர் என்ன எழுதினாலும் கையெழுத்து பொருந்தாது. சரிபார்க்கும் சர்வர்கள் அந்த விடையைத் தள்ளிவிடும். ஆனால் முறையாகக் கணக்கு மாற்றுகிறவர் அந்தக் குறியை மாற்ற மறந்தாலும் அவருக்கும் அதே கதிதான். அந்தப் பயத்திலேயே பலர் இதைத் தொடுவதில்லை.

ரெஜிஸ்ட்ரார் கணக்கும் பையன் பேரிலேயே இருந்திருந்தால்? அப்போது தொழில்நுட்பச் சாட்சி முழுவதும் அவன் பக்கம். எந்த டிஎன்எஸ் நிறுவனமும் கடைக்காரருக்கு உதவ முடியாது, உதவவும் கூடாது. 2022 ஏப்ரல் 28இல் இந்தியக் கணினி அவசரநிலை மையம் பிறப்பித்த ஆணைப்படி, கிளவுட் சேவை தருவோரும் தரவு மையங்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்ற விவரங்களைச் சரிபார்த்து ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதனால் கணக்கு யாருடையது என்று நிறுவனத்துக்குத் தெரியும். அந்தக் கணக்கில் எழுதப்பட்ட பெயர் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

காகிதமும் நீதிமன்றமும்

காகிதத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1994இல் கேரி கிரெமென் என்பவர் 'செக்ஸ்.காம்' என்ற பெயரைப் பதிவுசெய்தார். அடுத்த ஆண்டு ஸ்டீபன் கோஹென் என்பவர், கிரெமெனின் நிறுவனம் அந்தப் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டதாகப் போலிக் கடிதம் ஒன்றைப் பதிவு நிறுவனமான நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம் காட்டினார். நிறுவனம் கிரெமெனை ஒரு வார்த்தை கேட்காமல் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து பெயர் திரும்பி வந்தது. கோஹென் 6.5 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஆள் நாட்டைவிட்டே ஓடிவிட்டார். 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், டொமைன் ஒரு சொத்துதான், அதைத் தவறான ஆளிடம் கொடுத்த பதிவு நிறுவனமும் பொறுப்பாகலாம் என்றது. இன்றைக்கு நிறுவனங்களின் உதவி மேசைகள் கடிதத்தைப் பார்த்துக் கணக்கு மாற்றத் தயங்குவதில் இந்தத் தீர்ப்பின் நிழல் இருக்கிறது.

இந்தியாவில் இதற்கான அடிக்கல் சென்னை நிறுவனம் ஒன்றின் வழக்கில் விழுந்தது. சிஃபி என்று அறியப்பட்ட சத்யம் இன்ஃபோவே, தன் பெயரைப் போலவே ஒலிக்கும் டொமைன்களைப் பதிந்திருந்த சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. எதிர்த்தரப்பு, எங்கள் ஐந்து பங்காளிகளின் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர் இது என்று வாதிட்டது. 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தடையை மீட்டது. டொமைனுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை என்றாலும், வணிக முத்திரைக்குரிய தன்மை டொமைனுக்கு உண்டு, பிறர் பெயரில் தன் சரக்கை விற்பதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும் என்பது தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே நிக்ஸி 'இன்' பெயர்களுக்கான தகராறு தீர்க்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. நடுவர் ஒருவர் விசாரித்துப் பெயரை மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம்.

ஆனால் இவை எல்லாம் பெயருக்கு உரியவர் யார் என்பதைத் தீர்க்கும். நடுவர் தீர்ப்பும் நீதிமன்ற ஆணையும் போய்ச் சேருமிடம் ரெஜிஸ்ட்ராரும் மேலேடும்தான். டிஎன்எஸ் நிறுவனம் அங்கே ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்து நடக்கும் மூன்றாமவர்.

மேலேட்டின் பலம் எவ்வளவு என்பதைத் தமிழ்நாடு 2018 செப்டம்பர் 24 அன்று நேரில் பார்த்தது. சென்னையிலிருந்து உலகம் முழுவதற்கும் மென்பொருள் தரும் ஜோஹோவின் டொமைனை, அதன் ரெஜிஸ்ட்ராரான டியெராநெட், ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி நிறுத்திவைத்தது. ஜோஹோவின் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெயர் மட்டும் வழி சொல்வதை நிறுத்தியது. மின்னஞ்சலுக்கும் கணக்கு வழக்குக்கும் ஜோஹோவை நம்பியிருந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களில் பலர் மணிக்கணக்கில் வெளியே நின்றார்கள். அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டியதாயிற்று. பிறகு பெயரைக் கிளவுட்ஃபிளேருக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான ஊழியர்களும் சொந்தத் தரவு மையங்களும் உள்ள நிறுவனத்துக்கே ஒரு பேரேட்டு வரியில் உயிர் இருந்தது. இந்த அதிகாரம் ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கும்போது, அதே அளவு தீர்ப்பு அதிகாரத்தை டிஎன்எஸ் நிறுவனத்துக்கும் கொடுத்தால், தவறு செய்யக்கூடிய கைகள் இரண்டாகும். நீதி இரட்டிப்பாகாது.

மேலே பார்த்து நட

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் டிஎன்எஸ் நிறுவனங்களிடம் எதிர்பார்க்க வேண்டியவை சிலவே. கேட்டவர்களுக்கெல்லாம் ஜோன் எழுத இடம் கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேம்சர்வர் கொடுக்க வேண்டும். மேலேடு கைகாட்டுகிற கணக்கை மட்டும் பேசவிட வேண்டும். கைகாட்டி ஏற்கெனவே தன் பக்கம் திரும்பியிருக்க, பழைய ஜோன் இல்லாத பெயரை யாராவது புதிதாகச் சேர்க்க வந்தால், முன்பு ஒதுக்கிய நேம்சர்வர்களை அவருக்குத் தரக் கூடாது. புதியவற்றைக் கொடுத்து, மேலேட்டில் மாற்றிவிட்டு வா என்று சொல்ல வேண்டும். உண்மைச் சொந்தக்காரருக்கு இது ஐந்து நிமிட வேலை. ரெஜிஸ்ட்ரார் கணக்கு இல்லாதவருக்கு அது தாண்ட முடியாத சுவர். ஒரு கணக்கு தோற்றதும் அதன் ஜோனை உடனே அழிக்கவும் கூடாது. மேலேட்டின் பழைய நினைவு உலக சர்வர்களில் கரையும் இரண்டு நாளாவது அது விடை சொல்லிக்கொண்டிருக்கட்டும். தோற்றவருக்கு ஒரு மின்னஞ்சலும் போகட்டும். கைகாட்டி திருடப்பட்டிருந்தால் முதலில் கூச்சல் போடுகிறவர் அவராகத்தான் இருப்பார்.

வாடிக்கையாளர் பக்கமும் ஒரு விதி உண்டு. மேலே மாற்றாமல் கீழே காலி செய்யக் கூடாது. முதலில் ரெஜிஸ்ட்ராரிடம் நேம்சர்வரை மாற்று, இரண்டு நாள் பொறு, அப்புறம் பழைய ஜோனை அழி. இந்த வரிசை தலைகீழானால் பெயர் திறந்து கிடக்கும்.

திருநகர் கடைக்குத் திரும்புவோம். இளைஞர் உதவி மேசைக்குக் கடிதம் எழுதலாம். ஆதார் அட்டையும் ஜிஎஸ்டி சான்றிதழும் இணைக்கலாம். கடல் கடந்த நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒருவர் அதைப் பார்த்து என்ன முடிவெடுப்பார் என்று காத்திருக்கலாம். அதற்குள் நவராத்திரி வந்துவிடும்.

அவர் செய்தது வேறு. ரினியூவல் பணம் கட்டச்சொல்லி வருடந்தோறும் மின்னஞ்சல் வருகிறதே, அது யார் முகவரிக்கு வருகிறது என்று கேட்டார். கடைக்காரரின் சொந்த ஜிமெயிலுக்கு. அந்த முகவரியை வைத்து ரெஜிஸ்ட்ரார் தளத்தில் பாஸ்வேர்டை மீட்டார்கள். கடைக்காரர் போனுக்கே ஓடிபி வந்தது. வேறு நேம்சர்வர் தரும் இன்னொரு டிஎன்எஸ் நிறுவனத்தில் கணக்கு திறந்து, பழைய தளத்தின் விவரங்களையெல்லாம் எழுதி முடித்த பிறகு, மேலேட்டில் இரண்டு வரியை மாற்றினார்கள். பெங்களூர் பையனின் கணக்கில் அந்த ஜோன் இன்னும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே போய்க் கேட்பார் யாரும் இல்லை.

"அப்ப அவன்ட்ட பாஸ்வேர்டு வாங்கவே வேணாமா தம்பி?"

"வேணாம்ணே. பத்திரம் உங்கட்டதான இருந்துச்சு."